கரியமாணிக்கமும் ஐரோப்பிய வரலாற்றுத் தாளும்

பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவர்களிடம் எந்தத் தாள் கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஐரோப்பிய வரலாறுதான். சோழர் காலம் என்றால் தஞ்சைப் பெரிய கோயில் கண்முன் வந்து நிற்கும். விடுதலைப் போராட்டம் என்றால் தாத்தா சொன்ன கதையாவது நினைவுக்கு வரும். ஐரோப்பா அப்படியில்லை. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர், ஏழாண்டுப் போர், அமியான் உடன்படிக்கை, வியன்னா மாநாடு... பெயர்களைப் பிழையில்லாமல் எழுதவே பாதி நேரம் போய்விடும். கைடு வாங்கி மனப்பாடம் செய்து, பத்து மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி, அரியர் விழாமல் தப்பித்தால் போதும் என்பதுதான் பலரின் நிலை. மரியா தெரசா பட்டத்துக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்ற கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வருடந்தோறும் எழத்தான் செய்கிறது.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்பவர் கரியமாணிக்கத்திலிருந்தோ, ஏம்பலத்திலிருந்தோ, பாகூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவராக இருந்தால், பதில் அவர் தினமும் வரும் வழியிலேயே இருக்கிறது.

கரியமாணிக்கம் இன்று புதுச்சேரி மாநிலத்தில், பாகூர் வட்டத்தில், நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள ஊர். பெயர் பெருமாளுடையது. சுற்றிலும் வயல். இந்தப் பக்கத்தில் எந்தத் திசையில் கொஞ்ச தூரம் போனாலும் தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி. "புதுச்சேரி அரசு வரவேற்கிறது", "தமிழ்நாடு அரசு வரவேற்கிறது" என்று பலகைகள் மாறிமாறி வரும். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே நெல், ஒரே பேச்சு. ஆறும் மலையும் பிரிக்காத இந்த நிலத்தைப் பிரித்தது எது? ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் இருக்கும் போர்களும் உடன்படிக்கைகளும்தான். அந்தத் தாள் இந்த ஊர்களின் பட்டா போன்றது. பட்டாவில் ஊர்க்காரர் கையெழுத்து மட்டும் இல்லை.

முதலில் அந்த மரியா தெரசாவையே எடுத்துக்கொள்வோம். 1740-ல் அவர் ஆஸ்திரிய அரியணை ஏறியதும் பிரஷ்யாவின் பிரெடரிக் சைலீசியாவைப் பிடித்தார். பிரான்ஸ் ஒரு பக்கம் சேர்ந்தது, இங்கிலாந்து மறுபக்கம். சண்டை கடல் தாண்டி வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஏய்-லா-ஷாபேலில் சமாதானம் ஆனபோது சென்னையை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்து, கனடாவில் உள்ள லூயிபூர் கோட்டையைப் பிரான்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு பண்டமாற்றுத்தான்! புதுச்சேரியில் கவர்னராக இருந்த தூப்ளேக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்த ஆண்டுகளின் பரபரப்பு முழுவதும் நல்ல தமிழில் கிடைக்கும்.

ஐரோப்பாவில் சமாதானம். இங்கே தூப்ளே சும்மா இருக்கவில்லை. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபையும், ஐதராபாத்து நிசாம் பதவிக்கு முசாபர் ஜங்கையும் ஆதரித்தார். 1749-ல் ஆம்பூர்ப் போரில் அந்தப் பக்கம் ஜெயித்தது. அதற்குக் கைம்மாறாகத்தான் வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்டது கோடு போட்டுப் பிரித்த ஒரு நாடு அல்ல; கிராமங்கள். அதாவது அந்தந்தக் கிராமத்தின் வரி வருமானம். இந்தக் கிராமம் உனக்கு, அடுத்தது வேறொருவனுக்கு என்று வரிக் கணக்கில் பிரிந்ததுதான் பின்னாளில் நாட்டு எல்லையாக இறுகிப்போனது. புதுச்சேரி வரைபடம் கிழிந்த துணி போலத் துண்டு துண்டாகக் கிடப்பதன் காரணம் இதுவே.

கிராமத்து வரி இதற்கு முன்பும் எங்கெங்கோ போயிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று கிராமங்களின் வருவாயைப் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்லூரிக்கு, எழுதி வைத்ததைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து வயல்களின் விளைச்சல் மாணவர்களுக்குச் சோறு போட்டது. தூப்ளே காலத்தில் அதே பக்கத்து விளைச்சல் துப்பாக்கிக்கும் சிப்பாய் சம்பளத்துக்கும் போனது.

1752-ல் பாகூரிலேயே போர் நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் லாரன்ஸ், பிரெஞ்சுப் பக்கம் தூப்ளேயின் உறவினர் கெர்ழான். பிரெஞ்சுப் படை தோற்றது. அந்த நேரத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் நண்பர்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டு நவாபுகளின் சண்டையில் நாங்கள் வெறும் துணைப்படை என்று இரு கம்பெனிகளும் சொல்லிக்கொண்டன.

பிறகு வந்தது ஏழாண்டுப் போர். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. நகரத்தை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். சரணடைந்த லாலியைப் பாரிசில் 1766-ல் தலை வெட்டினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் தன் பழைய வணிகத் தலங்களைத் திரும்பப் பெற்றது. ஆனால் கணக்கு 1749-ன் தொடக்கத்தில் என்ன இருந்ததோ அதுதான். அதற்குப் பின் சேர்ந்ததையெல்லாம் விட்டுவிட வேண்டும். வில்லியனூரும் பாகூரும் வந்தது அதற்குப் பின்.

இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போர் என்றால் பாஸ்டன் தேநீர் விருந்து, வாஷிங்டன், யார்க்டவுன் என்று வரிசையாக நினைவுக்கு வரும். 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களுக்குத் துணையாக இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை மறுபடி பிடித்தனர். 1783-ல் பிரெஞ்சுப் படை புஸ்ஸி தலைமையில் கடலூரில் முற்றுகைக்குள் இருந்தது. ஜூன் 20-ஆம் தேதி கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஆனால் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தம் ஜனவரி 20-ஆம் தேதியே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. முடிந்துபோன போரில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பீரங்கிச் சத்தம் இந்த ஊர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

1783 செப்டம்பர் 3 அன்று இரண்டு முக்கிய உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று பாரிசில், இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும். இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. இன்னொன்று வெர்சாயில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும். இதன் பதினான்காம் பிரிவைத் தேடிப் படிக்க வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திருப்பித் தரப்படும் என்று சொல்லிவிட்டு, புதுச்சேரிக்குக் கூடுதல் இணைப்பாக இரண்டு பகுதிகளைப் பிரிட்டிஷ் மன்னர் பெற்றுத் தருவார் என்று அது சொல்கிறது. அந்த இரண்டின் பெயரும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: வில்லியனூர், பாகூர். அமெரிக்கா என்ற தேசம் பிறந்த அதே நாளில், அதே சமாதானத்தின் பகுதியாக, வெர்சாய் அரண்மனையில் பாகூர் என்ற பெயர் உச்சரிக்கப்பட்டிருக்கிறது!

பெற்றுத் தருவார் என்ற சொல்லும் கவனிக்கத் தக்கது. நிலம் பிரிட்டிஷ் மன்னருடையது அல்ல. பெயரளவிலாவது ஆற்காட்டு நவாபினுடையது. அவர் அங்கே இல்லை. உழுதவர்கள் இருந்திருக்கவே வாய்ப்பில்லை. இல்லாத இருவரின் பொருளை இருந்த இருவர் கைமாற்றிக்கொண்டார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி இங்கே தாமதமாக, ஆனால் சீக்கிரமே கலையும் மேகமாக வந்தது. 1790 தொடக்கத்தில் செய்தி புதுச்சேரியை எட்டியது. வெள்ளைக்காரக் குடிமக்கள் கூடிச் சபை அமைத்தார்கள். புதுச்சேரித் தமிழர்களும் தங்கள் குறைகளை எழுதிப் பாரிசுக்கு மனு அனுப்பினார்கள். அந்த நாட்களின் நடப்புகளைத் தமிழில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு: இரண்டாம் வீரா நாயக்கர். 1778 முதல் 1792 வரையிலான அவருடைய நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய சமகாலத் தமிழ்க் குறிப்பு இருக்கிறது என்பதே அந்தத் தாளை எழுதும் பலருக்குத் தெரியாது. 1793-ல் போர் மூண்டதும் ஆங்கிலேயர் மறுபடி வந்துவிட்டார்கள். இங்கே புரட்சி அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு 23 ஆண்டுகள் இந்த ஊர்கள் ஆங்கிலேயர் கையில். நடுவில் அமியான் உடன்படிக்கைப்படி (1802) ஊரை ஏற்றுக்கொள்ள தெகான் என்ற தளபதி 1803 ஜூலையில் கப்பலில் வந்து சேர்ந்தார். அதற்குள் ஐரோப்பாவில் மறுபடி போர் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் இரவோடு இரவாகப் பாய் விரித்து மொரீசியசுக்குப் போய்விட்டார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி, 1792 ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி எல்லாம் திருப்பித் தரப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. உண்மையில் கைக்கு வந்தது 1816 டிசம்பரில். கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று நிபந்தனைகள். 1815-ல் உப்பு, அபினி விஷயமாகத் தனி ஒப்பந்தம்; உபரி உப்பை ஆங்கிலேயருக்கே விற்க வேண்டும், பதிலுக்கு ஆண்டுதோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாய்.

நெப்போலியன் இந்த மண்ணை ஒருநாளும் ஆளவில்லை. ஆனால் அவருடைய சிவில் சட்டம் 1819-ல் புதுச்சேரிக்கு வந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் வழக்கப்படி நடக்கலாம் என்ற விலக்கோடு. 1881-ல் ஓர் ஆணை, விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றது. இப்படிச் செய்தவர்களுக்கு 'ரெனோன்சான்', துறந்தவர் என்று பெயர். இதில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய. ஊரில் மரியாதை இல்லாதவனுக்குச் சட்டத்திலாவது ஒரு பெயர் கிடைத்தது. இந்திய இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும், ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று தனிப் பிரிவு சேர்க்க வேண்டியிருந்தது. 'நெப்போலியனின் சீர்திருத்தங்கள்' என்ற கேள்விக்குப் பதில் எழுதும் மாணவரின் பக்கத்துத் தெருவிலேயே அந்தச் சீர்திருத்தத்தின்படி சொத்துப் பிரிக்கும் குடும்பம் இருக்கலாம்.

இனி 1848. "புரட்சிகளின் ஆண்டு" என்ற தலைப்பில் பாரிஸ், வியன்னா, பெர்லின் என்று படிக்கிற பாடம். பிப்ரவரியில் பிரான்சில் மன்னராட்சி விழுந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஏப்ரல் 27 அன்று குடியேற்ற நாடுகளுக்கான விதிகள் வெளியாயின. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த பிரெஞ்சிந்திய மக்கள், குடியுரிமைக்குத் தனிச் சான்று காட்டாமலே வாக்களிக்கலாம் என்றது விதி. அதே ஏப்ரலில்தான் இலண்டனில் சார்ட்டிஸ்டுகள் வாக்குரிமை கேட்டு மனுவோடு திரண்டு, ஏமாந்து திரும்பினார்கள். ஆக, சட்டப்படி பார்த்தால், மான்செஸ்டர் மில் தொழிலாளிக்கு இல்லாத ஓட்டு பாகூர் விவசாயிக்கு இருந்தது. எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த தென்னாற்காடு விவசாயி அதற்காக 1952 பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கான அந்த இடம் சில ஆண்டுகளிலேயே பறிக்கப்பட்டு, மூன்றாம் குடியரசு வந்த பின் 1871-ல் திரும்பி வந்தது. பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதி என்று போனவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள். வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்றவர் என்று பிரித்தார்கள். பெட்டியில் சீட்டுகள் தாமாக நிறைந்தன. தேர்தல் நாள் என்றால் தடியும் கல்லும் என்று பெயர் வாங்கிய ஊர் புதுச்சேரி. 1880-ல் கொம்யூன்கள் வந்தன. வில்லியனூரும் பாகூரும் அதில் அடக்கம். 1907-ல் பத்துக் கொம்யூன்கள் பதினேழாயின. 'மேர்' பதவி பெரிய நிலக்காரர்களின் வீட்டுச் சொத்தானது. இன்றும் இந்தப் பக்கம் பஞ்சாயத்து ஒன்றியம் என்று யாரும் சொல்வதில்லை, கொம்யூன்தான். பாரிஸ் கொம்யூன் பாடத்தில் வரும் அதே சொல்!

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். எல்லைக்கு அப்பால் வாரண்டு, இப்பால் பாதுகாப்பு என்பதால் பாரதி 1908-ல் வந்து பத்தாண்டு தங்கினார். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து மடிந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் கடற்கரையில் நிற்கிறது. 1940-ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தபோது இங்கிருந்த கவர்னர் போன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். இந்த ஊர்களிலிருந்து சைகோனுக்குப் போய் உத்தியோகமும் பட்டாளமும் பார்த்தவர்கள் பலர். 'சொல்தா' என்ற பிரெஞ்சுச் சொல் இங்கே தமிழாகிவிட்டது.

கடைசி அத்தியாயம்தான் முக்கியமானது. 1948-ல் இந்தியாவும் பிரான்சும், இந்த ஊர்களின் எதிர்காலத்தை மக்களே தீர்மானிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டன. பிரான்சின் 1946 அரசியல் சட்டமும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. சந்திரநாகூரில் 1949 ஜூனில் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை இந்தியாவுடன் சேர விரும்பியது. மற்ற ஊர்களில் அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

நடந்தது வேறு. 1949-ல் சுங்கக் கூட்டு ஒப்பந்தம் முடிந்து எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. வயல் ஒரு நாட்டில், வீடு ஒரு நாட்டில் என்றிருந்தவர்களுக்கு இது என்ன பாடாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கம் கொம்யூன் இணைப்பு ஆதரவாளர்கள் வசமானது. இந்தியக் கொடி ஏறியது. ஆக, கரியமாணிக்கம் பக்கம் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது புதுச்சேரி நகரத்துக்கு ஏழு மாதம் முன்பே. மே 7-ஆம் தேதி வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. இந்தோசீனாவே போன பிறகு நெட்டப்பாக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் பாரிசுக்கு என்ன லாபம்?

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1749 முதல் எத்தனையோ முறை கைமாறிய இந்த ஊர்களிடம் விருப்பம் கேட்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் பிரதிநிதிகளிடம். 1860-ல் சவாயும் நீசும் பிரான்சோடு சேர்ந்தபோது குடியானவர்கள் வரை ஓட்டுப்போட்டதாக இத்தாலிய ஒருமைப்பாட்டுப் பாடத்தில் வரும். கரியமாணிக்கத்துக் குடியானவர் அப்படி ஒரு சீட்டைப் பெட்டியில் போடவில்லை. நேரடியாகக் கேட்டிருந்தாலும் முடிவு இணைப்பாகத்தான் இருந்திருக்கும் என்பதற்கு 170-க்கு 8 என்ற கணக்கே போதும். ஆனாலும் கேட்பது வேறு, தெரியும் என்று விட்டுவிடுவது வேறு.

சட்டப்படி மாற்றும் உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தானது. அதை ஏற்க பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அல்ஜீரியா எரிந்துகொண்டிருந்தபோது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுப்பதற்குக் கைதூக்க அங்கே துணிவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் புதுச்சேரி உடன்படிக்கைக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய வரலாற்றுத் தாள் பல இடங்களில் 1945-லேயே முடிந்துவிடுவதால் இந்தக் கதை அதில் வருவதில்லை. இந்திய வரலாற்றுத் தாளிலோ 1947-க்குப் பிறகு ஒரு வரியில் போய்விடுகிறது.

அந்த உடன்படிக்கையில் குடியுரிமை பற்றிய பிரிவுகள் உண்டு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றைய தேதியிலிருந்து இந்தியர்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ்: அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்வார்கள். இதன்படி, ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இருவரில், சைகோனில் வேலையாக இருந்த அண்ணன் ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரர். கரியமாணிக்கத்தில் அப்பா நிலத்தை உழுதுகொண்டிருந்த தம்பி ஒன்றும் செய்யாமலே இந்தியர். தம்பிக்கு மனம் மாற 1963 பிப்ரவரி வரை நேரம் இருந்தது.